கெம்பஸுக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகள்: எங்களை நாங்களே விசாரித்த கதை

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். அம்மா இன்னும் கொழுந்தெடுக்கிறார். இலங்கையின் பல்கலைக்கழகம் ஒன்றில் கலைப்பீடத்தில் படித்த காலத்தில், எங்களில் சிலர் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். மலையகத் தமிழர் என்று எங்களைச் சொல்லிக்கொள்கிறோமே, அது என்ன, எங்கிருந்து வந்தோம், எப்படி இங்கே இருக்கிறோம் என்று எங்கள் வீட்டு ஆட்களிடமே கேட்டுப் பதிவுசெய்தோம். இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் "எப்படி அக்கா ஆரம்பிச்சீங்க?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிச் சலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலாம் வருடத்தில் எங்களை அதிகம் தடுமாற வைத்தது, "நீர் எந்த இடம்?" என்ற கேள்விதான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அதில் சிக்கல் இல்லை. ஊரைச் சொல்லும், கேட்டவருக்கு அந்த ஊரில் ஒரு மாமியாவது இருப்பார், பேச்சு வளரும். எங்களில் பலர் நுவரெலியா, ஹட்டன், பதுளை என்று டவுன் பெயரோடு நிறுத்திக்கொள்வோம். தோட்டத்தின் பெயர் தொண்டையிலேயே நின்றுவிடும். சொன்னால் அடுத்தது "அம்மா அப்பா என்ன செய்யினம்?" என்று வரும். "தோட்டத்தில வேலை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கேட்பவர் கிளார்க் என்று நினைத்தால் நினைக்கட்டும் என்று விடுபவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வயதில், தெரியாத இடத்தில், யாரும் தன்னைக் குறைத்துப் பார்க்கக்கூடாது என்று நினைப்பதில் என்ன தப்பு?

இன்னொரு கேள்வி சிங்கள நண்பர்களிடமிருந்து வரும். "உங்கட ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்தவங்கதானே, எப்ப திரும்பிப் போவீங்க?" பெரும்பாலும் வன்மம் எதுவும் இருக்காது. எங்கள் கதை தெரியாது, அவ்வளவுதான். கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கிய ஆண்டாக 1823ஐச் சொல்வார்கள். 2023இல் இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஆட்கள் நடந்தார்கள். இத்தனை தலைமுறை கடந்தபின் எங்கே திரும்பிப் போவது? ஆனால் கென்டீனில் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கிறவரிடம் இருநூறு வருடத்தையும் கொட்ட முடியாது. நான் இரண்டு பதில்கள் வைத்துக்கொண்டேன். "என்னோட அப்பாயியோட அப்பாவும் இங்கதான் பிறந்தார்" என்பது சின்னது. அதைக் கேட்டு முகத்தில் ஓர் ஆச்சரியம் வந்து, நின்று மேலும் கேட்கிறவருக்கு மட்டும் பெரியது. போகிற வருகிற எல்லோருக்கும் நம் இனத்தின் கலைக்களஞ்சியமாக நிற்கத் தேவையில்லை. முதல் வருடத்திலேயே இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நிறையத் தொண்டைத் தண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

"நீங்கள் கோட்டாவில வந்தனீங்கள்தானே" என்ற பேச்சையும் கேட்பீர்கள். அதற்கு விபரம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பட்டியலில் இருக்கிறது, கிளிநொச்சியும் மன்னாரும் முல்லைத்தீவும்கூட இருக்கின்றன. அதோடு, எங்கள் மாவட்டத்து இடங்களுக்கு டவுன் பாடசாலைப் பிள்ளைகளோடும் போட்டி போட்டுத்தான் லயத்துப் பிள்ளை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளை, உள்ளே வருகிறது. கோபப்படாமல் இந்த எண்களைச் சொன்னாலே பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால், அந்த ஆளோடு பேசி ஆகப்போவது எதுவுமில்லை.

சரி, நாங்கள் ஆரம்பித்தது எப்படி என்றால், ஒரு கலைவிழாவில். எல்லாச் சமூகத்து மாணவரும் தத்தம் பண்பாட்டிலிருந்து ஏதாவது செய்ய வேண்டும் என்றார்கள். மலையகத்துக்கு என்ன? கேள்வியே இல்லை, கொழுந்து பறிக்கும் நடனம். இலங்கையில் பள்ளிக்கூடம் போன எவரும் அதைப் பார்த்திருப்பார்கள். பளபளக்கும் சேலையை ஏற்றிக் கட்டி, முதுகில் சின்னக் கூடை மாட்டி, சிரித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வருவது. ஒத்திகை வீடியோவை அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "படங்கு கட்டாம யாருடி மலைக்குப் போவா? மட்டக்கம்பு எங்க? இப்படி ஆடிக்கிட்டே எடுத்தா அன்னைக்கி அரைப் பேர்தான் போடுவாங்க" என்றார். இடுப்பில் படங்கு என்கிற தடித்த துணியைக் கட்டாவிட்டால் தேயிலை வாது சேலையைக் கிழித்துவிடும். செடிகளின் மேல்மட்டத்தை அளவாக வைக்கத்தான் மட்டக்கம்பு. எடை குறைந்தால் முழு நாள் சம்பளம் கிடையாது. எங்கள் நடனத்தில் இது எதுவுமே இல்லை.

அம்மா விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் நாங்கள் குழுவாக உட்கார்ந்து பேசியபோது, ஆடவிருந்த எட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தங்கள் பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தெரியவில்லை என்பது தெரிந்தது. "திருச்சிப் பக்கம்", "சேலம்னு சொல்லுவாங்க", அவ்வளவுதான். தெரியாததை மேடையில் காட்டப் போகிறோம் என்பது எல்லோருக்கும் உறுத்தியது. நடனத்தை நிறுத்தவில்லை, விழாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. ஆனால் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவரும் ஒரு மூத்தவரிடமாவது கேட்டு வருவது என்று முடிவெடுத்தோம்.

இதில் எங்களுக்கு முன்னோடிகள் இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். கூத்துப் பழக்கும் கிராமத்து அண்ணாவிமாரிடம் கற்றுத்தான் அந்த மாணவர்கள் ஆடினார்கள். எங்கள் தலவாக்கலைத் தொகுதிக்கு 1947இல் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, வட்டகொடைப் பக்கம் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர். தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். நான் பள்ளிக்கூடத்தில் இவர் பெயரைக் கேள்விப்பட்டதாக நினைவில்லை. கெம்பஸ் நூலகத்தில் வேறு எதையோ தேடப்போய்க் கண்டேன்.

முதல் விடுமுறையில் பலர் வெறுங்கையோடு வந்தார்கள். "தாத்தா ஒண்ணுமே சொல்லலை." என்ன கேட்டாய் என்றால், "நாம எந்த வருஷம் இந்தியாவிலிருந்து வந்தோம், ஏன் வந்தோம்னு கேட்டேன்." அப்படிக் கேட்டால் யாருக்கும் பதில் வராது. எங்கள் ஆட்களிடம் காலம் ஆண்டாக இல்லை, தோட்டத்தை நடத்திய துரைமாரின் பெயராகவும் பட்ட பாடாகவும் இருக்கிறது. "சிறிமா காலத்துப் பஞ்சம்" என்றால் 1970களின் முற்பகுதி, தோட்டங்களில் ஆட்கள் பட்டினியில் செத்த காலம். "எழுபத்தேழு" என்றும் "எண்பத்து மூணு" என்றும் எண்ணை மட்டும் சொன்னால் தமிழருக்கு எதிராக நடந்த கலவரம். இந்தப் படிகளில் காலை வைத்துத்தான் ஏற வேண்டும். "நீங்க முதல்ல வேலைக்குப் பேர் பதிஞ்சப்ப எந்தத் துரை? அவன் நல்லவனா?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் போவது தெரியாது.

என் அப்பாயியிடம் இதைக் கற்றுக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்து போனை நீட்டினால், "என்னத்த சொல்ல, கஷ்டப்பட்டோம், வளர்த்தோம்" என்று முடித்துவிடுவார். கீரை ஆய்ந்துகொண்டு இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆயத் தொடங்கினால் கதை தானாக வரும். தாத்தாவோ சித்தப்பாவோ அறைக்குள் வந்தால் நின்றுவிடும். பெண்களைத் தனியாகக் கேளுங்கள் என்று புத்தகங்களில் இருப்பதற்குப் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. பிள்ளைப்பேறு, கங்காணி பேசிய பேச்சு, கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடந்த அநியாயம் இதெல்லாம் ஆண்கள் இருக்கும் இடத்தில் வெளியே வராது.

ஒரே ஒரு சாமான் பத்துக் கேள்விக்குச் சமம். அப்பாயியின் தகரப் பெட்டியில் ஓர் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது, தாத்தாவின் தம்பியுடையது. போகாமல் விட்ட பழையது. பிறகு வேறொன்றில் போயிருக்கிறார். அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் அப்பாயி ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசினார்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் எங்கள் ஆட்களில் மிகப் பெரும்பாலானோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி முழுதாகத் தீர 2003இல் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. 1963 சனத்தொகைக் கணக்கில் 11 லட்சத்துக்கு மேல் இருந்த "இந்தியத் தமிழர்" 1981இல் 8 லட்சத்துச் சொச்சமாகிவிட்டார்கள். இதெல்லாம் பரீட்சைக்குப் படித்தது. அப்பாயி சொன்னது, ஸ்டேசனில் தாத்தா தன் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றதை. கோச்சி கிளம்பியபின்னும் பிளாட்போமில் ஆட்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டே இருந்தார்களாம். அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். தலைமன்னார், அங்கிருந்து கப்பல், இராமேஸ்வரம், பிறகு நீலகிரியில் கோத்தகிரி. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது.

அந்தக் கோத்தகிரிக் கிளையை பேஸ்புக்கில் தேடிப் பிடித்தேன். சின்னத் தாத்தாவின் பேத்தி, என் வயதுதான். வீடியோவில் முதலில் கேட்டது, "நீங்க இன்னும் லயத்துலதான் இருக்கீங்களா?" அவளும் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள், அவளையும் "சிலோன்காரப் பொண்ணு" என்கிறார்களாம். இங்கே எங்களை இந்தியா என்கிறார்கள், அங்கே அவர்களைச் சிலோன் என்கிறார்கள் என்று இருவரும் சேர்ந்து சிரித்தோம். அப்பாயி மட்டும் சிரிக்கவில்லை. திரையில் அந்தப் பிள்ளையின் மூக்கைப் பார்த்து, "அப்படியே அவரு மூக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கேட்கக்கூடாத இடங்களும் உண்டு. எழுபத்தேழைப் பற்றி ஒரு தாத்தா பேசத் தொடங்கி, நடுவில் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். எங்கள் குழுவில் ஒருவன் "முக்கியமான பகுதி, திரும்பக் கேட்போம்" என்றான். மற்றவர்கள் மறுத்துவிட்டோம். அது ஆய்வுக்கு நட்டமாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். எங்களுக்கு அவர் தகவலாளர் இல்லை, இன்னொருத்தியின் தாத்தா.

இப்போது, கொஞ்சம் சங்கடமான விஷயம். இரண்டாவது கலைவிழா வந்தபோது, கொழுந்து நடனம் வேண்டாம், காமன் கூத்து செய்வோம் என்று எல்லோரும் துள்ளினார்கள். மாசி மாதத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் நடக்கும் கூத்து, சிவன் மன்மதனை எரித்த கதை. எங்கள் தோட்டத்துக் கூத்து மாஸ்டரிடம் போனோம். அவர் மரியாதையாக உட்கார வைத்து, ஒரே வார்த்தையில் மறுத்தார். "காமன் ஊண்டறது நேர்த்தி. மாசி பிறை பார்க்காம, காப்புக் கட்டாம, கெம்பஸ் மேடையில ஊண்டக் கூடாது." பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து இரங்கி, காமன் கம்பத்தை ஊன்றாமல், எரிக்காமல், ரதி புலம்பும் பாட்டையும் தூதன் வருகையையும் மட்டும் பாடி ஆடலாம் என்று வழி சொன்னார். எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று கேட்டதால்தான் அவர் பிறகு கெம்பஸுக்கே வந்து இரண்டு நாள் தங்கிப் பழக்கினார். கேட்காமல் யூடியூப் பார்த்துச் செய்திருந்தால் தோட்டத்தில் எங்கள் முகத்தில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.

சங்கடம் அதிலில்லை, தப்பு என்கிற பறையில். தப்பு இல்லாமல் காமன் கூத்து இல்லை. "யாருக்கு அடிக்கத் தெரியும்?" என்றால் ஒரு சத்தமும் இல்லை. விஞ்ஞான பீடத்திலிருந்து வருகிற ஒரு தம்பிக்கு நன்றாகத் தெரியும் என்பது எங்களில் இருவருக்குத் தெரியும், ஏனென்றால் அவன் தாத்தாவும் அப்பாவும் சாவு வீட்டிலும் திருவிழாவிலும் அடிப்பவர்கள். அவன் வாயே திறக்கவில்லை. தோட்டத்தில் எல்லோரும் ஒரே லயம், ஒரே பிரட்டு (காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுவது), ஒரே சம்பளம் என்று மேடையில் பேசுவோம். ஆனால் தப்பை யார் தொடுவது, கோயிலில் யார் முன்னே நிற்பது, கல்யாணம் யாருக்கு யார் என்பதில் சாதி சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் இளக்காரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய நாங்கள், உள்ளே இருப்பதை ஒரு தடவைகூடப் பேசியிருக்கவில்லை.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு வற்புறுத்த வேண்டாம் என்று முடிவு செய்தோம். பதிலாக மாஸ்டரிடம், எங்கள் எல்லோருக்கும் தப்பு பழக்கித் தருமாறு கேட்டோம். ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர் கை வீங்க அடித்துப் பழகினோம், கேட்கச் சகிக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தம்பி பொறுக்க முடியாமல் எழுந்து வந்து, "அக்கா, அப்படி இல்ல, குச்சிய இப்படிப் பிடிங்க" என்றான். விழாவில் அவன்தான் முன்னால் நின்று அடித்தான். ஆனால் அந்தப் படத்தை எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், தோட்டத்தில் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள் என்று. நாங்கள் போடவில்லை. நம் பெருமை என்று நாம் தூக்கிப் பிடிக்கும் ஒன்றுக்கு இன்னொருவர் வீட்டில் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதை விசாரித்துவிட்டு மேடையேற்றுங்கள். இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

விழா முடிந்த இரவு கிளிநொச்சித் தோழி ஒருத்தி என் அறைக்கு வந்தாள். யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறவள், எங்கள் எவருக்கும் அவள்மேல் வேறு எண்ணம் இருந்ததில்லை. அந்தப் பாட்டைத் தன் அம்மம்மா முணுமுணுப்பார் என்றாள். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அப்படிப் போய்க் குடியேறியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே அவர்களை இன்னும் "தோட்டக்காட்டார்" என்று பேசுகிறவர்கள் இருப்பதால் வீட்டில் யாரும் வெளியே சொல்வதில்லை. "உமக்குச் சொல்லோணும் போல இருந்தது, ஆனா நான் உங்கட குழுவில சேரமாட்டன், சரியோ" என்றாள். சரி என்றேன். அவள் பிறகும் சேரவில்லை. ஆனால் அம்மம்மாவைத் தானே பதிவுசெய்தாள், அதற்கு என் போன் மைக்கை வாங்கிக்கொண்டு போனாள். தன்னை இன்னார் என்று வெளியே சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவரவர் நேரத்தைப் பொறுத்தது. எங்கள் குழுவில் இதை ஒரு விதியாகவே வைத்தோம். யாரையும் "நீயும் மலையகம்தானே, ஏன் வரவில்லை?" என்று கேட்கக்கூடாது.

குழு என்று சொன்னாலும் அது ஒரு சங்கமாக இருக்கவில்லை, அதனால்தான் நிலைத்தது. தலைவர், செயலாளர் என்று பதவி வைத்தால் முதல் தவணையிலேயே இரண்டாக உடையும் என்று சீனியர் அண்ணா ஒருவர் எச்சரித்திருந்தார். ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமை, ஒரே மரத்தடி, வருகிறவர் வரலாம். வெறுமனே "அடையாளம் பற்றிக் கலந்துரையாடல்" என்று வைத்தால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். கையில் வேலை இருக்க வேண்டும். ஒரு பதிவைக் கேட்டு எழுத்தாக்குவது, பழைய படம் ஒன்றில் யார் யார் என்று பெயரெழுதுவது. கூச்சப்படுகிற பிள்ளை எழுத்தாக்கும் வேலையில்தான் முதலில் வாயைத் திறக்கும். "இந்தச் சொல் எங்க வீட்லயும் சொல்லுவாங்க" என்று. எங்கள் அறையிலிருந்த சிங்களத் தோழியும் வந்து உட்காருவாள். கங்காணியையும் பிரட்டையும் அவளுக்கு விளக்கப்போய் எங்கள் சிங்களம் தேறியது. பிறகு அவளுடைய பாட்டியிடம், தோட்டம் வருவதற்கு முன் அந்த மலைகள் எப்படி இருந்தன என்று அவர் கேட்டிருந்த கதையை அவள் கேட்டு வந்தாள். கிராமத்து நிலம் பறிபோய்த் தோட்டமான கதை அவர்கள் பக்கத்தில் வேறுவிதமாக இருக்கிறது. அதையும் பதிவோடு சேர்த்து வைத்தோம்.

வீட்டுப் பக்கத்தில் இன்னொன்று நடந்தது. கெம்பஸ் பிள்ளை என்றானபின் தோட்டத்தில் என்னை "வாங்க" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். தூக்கி வளர்த்த பெரியம்மா என் முன்னால் பாய் தேடி விரித்தார். எனக்கு அழுகை வந்தது. அதற்கு மருந்தாக அமைந்தது படிவம் நிரப்பும் வேலை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சமுர்த்தி, ஓய்வூதியம் என்று விடுமுறை முழுக்க ஆட்கள் வருவார்கள். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால், பேட்டியில் கிடைக்காததெல்லாம் அந்தத் தாள்களில் இருந்தது. ஒரே வீட்டில் அப்பாவின் சான்றிதழில் "இந்தியத் தமிழ்", மகனுடையதில் "இலங்கைத் தமிழ்". ஏன் மாறியது என்று கேட்டால் அதுவே ஒரு கதை. முகவரி என்ற கட்டத்துக்கு எழுத ஒன்றுமே இருக்காது, லயத்துக் காம்பராக்களுக்குத் தனி விலாசம் இல்லை, கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து அங்கிருந்து எப்போதாவது கைக்கு வரும். இங்கே எங்கள் இடம் எது என்று மரத்தடியில் பேசிக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் காலிக் கட்டம் வேறொரு பாடம் நடத்தியது. படிக்கிற பிள்ளைகளுக்கு என் ஆலோசனை, பேட்டி எடுக்கப் போகிறேன் என்று போகாதீர்கள். படிவம் நிரப்பித் தருகிறேன் என்று போங்கள். கதை பின்னாலேயே வரும்.

மீதிச் சில்லறை விஷயங்கள். பதிவைத் தொடங்குமுன் அனுமதியைக் குரலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், தோட்டத்தின் பெயர், டிவிஷன், திகதி மூன்றையும் நீங்களே சொல்லிப் பதியுங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கும், நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும், இரண்டையும் குறியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் எந்தக் கோப்பு யாருடையது என்று தெரியாது. மழையில் லயத்துத் தகரக் கூரை எழுப்பும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, கழுத்துப் பக்கம் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்கிவிடுங்கள், மகாபொலப் புலமைப்பரிசுப் பணத்தில் அதற்கு மிச்சம் பிடிக்கலாம். பதிவின் ஒரு பிரதியைச் சொன்னவர் வீட்டில் யாருடைய போனிலாவது ஏற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். மூன்று பதிவுகளுக்கு உரியவர்கள் இப்போது இல்லை, அவர்கள் வீட்டில் அந்தக் குரல் இருக்கிறது.

கோப்புகளை ஒரே மடிகணினியில் வைத்திருக்காதீர்கள். குடும்பம் சம்மதித்தால் மட்டும், இணையத்தில் இருக்கும் "நூலகம்" (noolaham.org) போன்ற எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுக்கலாம். பழைய மலையகச் சஞ்சிகைகள் பலவற்றை நான் அங்கேதான் வாசித்தேன். கம்பளைப் பக்கம் பழைய லயம் ஒன்றில் தோட்டத் தொழிலாளருக்கான அருங்காட்சியகம் இருக்கிறது, வேலையைத் தொடங்குமுன் குழுவாக ஒரு நாள் போய் வாருங்கள். அங்கே கண்டதைப் படமெடுத்து வந்து வீட்டில் காட்டினால், "இது எங்ககிட்டயும் இருந்திச்சே, எங்க போட்டோம்?" என்று பரணைக் கிளறத் தொடங்குவார்கள். அப்படிக் கிளறும்போது போனில் சார்ஜ் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போங்கள், பிரட்டு இல்லாத நாள், ஆட்கள் ஆறுதலாக இருப்பார்கள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போக மறக்காதீர்கள்.